கீழ்வானத்தின் நான்கு நிறங்கள்

காலை ஐந்து ஐம்பத்தொன்பதுக்கு வானம் அணைந்தது.

கீழ்வானம் குடியிருப்பில் அது தினமும் நடப்பதுதான். பன்னிரண்டாயிரம் பேரும் கைவேலையை அப்படியே விட்டுவிட்டு எழுந்து நின்றார்கள். பல் துலக்கிக்கொண்டிருந்தவர்கள் வாய் நுரையோடு நின்றார்கள். பாசித்தொட்டிகளில் இடுப்பளவு நீரில் இறங்கியிருந்தவர்கள் அங்கேயே கைகூப்பினார்கள். எங்கோ ஒரு சமையலறையிலிருந்து தோசை கருகும் வாசனை வந்தது. அதற்காக யாரும் திருப்பிப்போடப் போகவில்லை.

இருட்டு. பிறகு வானம் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை சிவந்தது. பத்து எண்ணுவதற்குள் பச்சையானது. பிறகு நீலம். பிறகு வெள்ளை. அதுவும் மறைந்து, கிழக்குச் சுவரோரம் மெல்லிய ஆரஞ்சு படர, அன்றைய விடியல் தொடங்கியது. நின்றவர்கள் மூச்சுவிட்டார்கள். ஊர் மறுபடி இரையத் தொடங்கியது.

செங்கமலமும் கைகூப்பித்தான் நின்றாள். ஆனால் கூப்பிய கைக்குள் ஒரு நிறுத்துக் கடிகாரம் இருந்தது. இருட்டு நீடித்த நேரம் எழுபத்தோரு நொடி என்று அது காட்டியது. போன ஆண்டு ஐம்பத்திரண்டு. அவள் வேலைக்குச் சேர்ந்த புதிதில் நாற்பது.

கீழ்வானத்துக்கு நிஜ வானம் கிடையாது. செவ்வாயின் தரைக்கு எண்பது மீட்டர் கீழே, என்றைக்கோ எரிமலைக் குழம்பு ஓடி வடிந்த நீளமான குகைக்குள் இருக்கிறது அந்த ஊர். குகையின் கூரை முழுக்க நாற்பதாயிரம் ஒளிப்புள்ளிகள். ஒவ்வொன்றும் சாப்பாட்டுத் தட்டு அளவு. ஒவ்வொன்றுக்குள்ளும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று விளக்குகள். ஆயிரம் புள்ளிகளை ஒரே கம்பியில் கோத்தால் ஓர் ஒளிச்சரம். அப்படி நாற்பது சரங்கள். கட்டளை எண்கள் சரத்தின் முதல் புள்ளிக்கு வரும். அது தனக்கான மூன்று எண்களை எடுத்துக்கொண்டு மீதியை அடுத்ததற்குத் தள்ளும். அடுத்தது தன் மூன்றை எடுத்துக்கொண்டு மீதியைத் தள்ளும். இப்படி ஆயிரமாவது புள்ளி வரை, நொடிக்கு முப்பது தடவை. விடியலும் நடுப்பகலும் அந்தியும் இந்த எண்களின் ஓட்டம்தான். அந்த வெளிச்சத்தில்தான் தொட்டிகளில் பாசி வளர்ந்தது. அந்தப் பாசி விட்ட காற்றைத்தான் ஊர் சுவாசித்தது.

இத்தனைக்கும் எண் கொடுப்பது உள்ளங்கையளவு ஓர் ஒற்றைப்பலகைக் கணினி. முதல் குடியேறிகள் பொருத்தியது. வடக்குச் சுவரில் மூலப்பெட்டி என்று பெயர் பெற்ற ஓர் இரும்பு மாடத்துக்குள் அது இருப்பதாக எல்லோருக்கும் தெரியும். யாரும் பார்த்ததில்லை. ஊர் உண்டான மூன்றாம் ஆண்டில், மேல்தளக் கூடாரம் வெடித்து முதல் தலைமுறைப் பொறியாளர்கள் எல்லோரும் ஒரே நாளில் இறந்துபோனார்கள். அவர்களுடைய குறிப்புகளும் போயின. மிஞ்சியவர்கள் பெட்டியைத் திறக்கத் துணியவில்லை. பிறகு திறக்கக் கூடாது என்றானது. நூற்றெட்டு ஆண்டுகள் ஓடிவிட்டன.

அந்த நூற்றெட்டு ஆண்டுகளில் நான்கு நிறங்களுக்கும் பொருள் வந்து சேர்ந்திருந்தது. சிவப்பு, வழிகாட்டி இறந்தவர்களின் ரத்தம். அந்த ரத்தத்துக்குத் தலைவணங்கிய பிறகு வருகிற பச்சை, வாழ்வு. பச்சையில்தான் தாலி கட்டுவார்கள். மற்ற இரண்டு நிறங்களுக்கும் இதேபோல் நீண்ட விளக்கங்கள் உண்டு. எல்லாவற்றையும் முந்நூறு பக்கத்தில் எழுதி வைத்திருந்தவர் ஊரின் தலைமை நிறவுரையாளர் மாசிலாமணி. அவர் செங்கமலத்தின் கணவர்.

செங்கமலம் வானப் பராமரிப்பாளர். இருபத்தாறு ஆண்டுகளாக ஏணியில் ஏறி, எரிந்துபோன புள்ளிகளைக் கழற்றி வேறு மாட்டுகிறவள். வயது நாற்பத்தொன்பது. இன்னும் ஒன்பது நாளில் அவளுடைய ஒரே மகள் குமுதாவுக்கு ரோஷனோடு கல்யாணம்.

அன்று காலையே ஆளுநர் ஹபீபாவிடம் போய் நின்றாள்.

"பெட்டியைத் திறக்கணும் மேடம்."

ஹபீபா தேநீர்க் குவளையைக் கீழே வைத்தார். "செங்கமலம், நீங்க யார் வீட்டுக்காரின்னு ஞாபகம் இருக்கா?"

"இருக்கு. அதனாலதான் அவர்கிட்ட சொல்லாம இங்க வந்தேன்."

கடிகாரத்தில் குறித்த எண்களை எல்லாம் காட்டினாள். ஹபீபா நிறங்களை நம்புகிறவரா இல்லையா என்று யாருக்கும் தெரியாது. எண்களை நம்புகிறவர். பட்டியலின் கடைசி வரியில் விரலை வைத்தார்.

"இருட்டு நீளமாகிக்கிட்டே போகுது. ஒரு நாள்?"

"ஒரு நாள் திரும்பி வராது."

"சரி, திறங்க. பாருங்க. எதையும் தொடாதீங்க. மத்தியானச் சாப்பாட்டு நேரத்துல போங்க, அந்தப் பக்கம் யாரும் இருக்க மாட்டாங்க."

மாடத்தின் கதவு துருவோடு சண்டை போட்டுத்தான் திறந்தது. உள்ளே தீபமோ சிலையோ இருக்கும் என்று செங்கமலம் எதிர்பார்க்கவில்லை. தலைவிளக்கைத் திருப்பினாள். ஒரு பச்சைப் பலகை. அதன் மேல் தூசி போர்த்திய சின்னச் சில்லுகள். ஓரத்தில் நகத்தளவு ஒரு நினைவட்டை. அதில் "நூறாண்டு உழைக்கும்" என்று அச்சிட்டிருந்தது. பலகையின் குறுக்கே மஞ்சளடித்துப்போன ஒட்டுப்பட்டை ஒன்று. அதில் பேனாவால் எழுதிய நெருக்கமான எழுத்து. அவள் மூச்சை அடக்கி, தூசியை ஊதிவிட்டுப் படித்தாள்.

"தற்காலிகம். புரோகிராம்ல நினைவகம் எங்கயோ அடைச்சுக்குது. ஒரு நாளுக்கு மேல ஓடினா நின்னுடும். காரணம் தேட நேரமில்லை. அதுவரைக்கும் தினம் 5:59க்குத் தானா அணைஞ்சு எழும்புற மாதிரி வச்சிருக்கேன். எழும்பும்போது சிவப்பு, பச்சை, நீலம், வெள்ளை வரும். எல்லாப் புள்ளியும் எரியுதான்னு பார்க்கிற சோதனைதான். யாரும் பயப்பட வேண்டாம். அடுத்த வாரம் சரி பண்ணிடறேன். — தனக்கோடி."

மூன்று தடவை படித்தாள். முதல் தடவை சிரிப்பு வந்தது. மூன்றாவது தடவை படித்துவிட்டு ஏணிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அவளுடைய கழுத்தில் தாலி ஏறியது பச்சையில். தலையை நிமிர்த்தியபோது எதிரே நின்றவர்களின் முகங்களெல்லாம் பச்சையாய்த் தெரிந்தது இன்னும் நினைவிருந்தது. சிவப்பின்போது கண்ணை மூடிக்கொண்டு, முகம் தெரியாத முன்னோர்களிடம் என்னென்னவோ வேண்டியிருக்கிறாள். குமுதாவுக்குக் காய்ச்சல் வந்த வாரத்தில் தினமும் அழுது வேண்டியிருக்கிறாள். அந்த நேரமெல்லாம் அங்கே ஓர் இயந்திரம், விளக்கு எரிகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தது. அவ்வளவுதான்.

வெகுநேரம் கழித்துத்தான் பராமரிப்பாளர் புத்தி திரும்பியது. கைக்கருவியைப் பலகையோடு இணைத்து நினைவட்டையைச் சோதித்தாள். மூன்றில் ஒரு பங்கு செத்திருந்தது. ஒவ்வொரு காலையும் கணினி அந்த அட்டையைப் படித்துத்தான் எழும்பவேண்டும். செத்த இடத்தில் தட்டுப்பட்டு, திரும்பத் திரும்பப் படித்துப் பார்த்து, எப்படியோ எழும்பிக்கொண்டிருந்தது.

பட்டையைப் படமெடுத்து, ஆளுநருக்கு அனுப்பிவிட்டு, நேரே வீட்டுக்குப் போனாள். மாசிலாமணி தின்பண்டக்காரர்களின் பட்டியலைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க, அதை வைங்க. இதைப் படிங்க."

அவர் படித்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. மறுபடி படித்தார்.

"அடுத்த வாரம்னு எழுதியிருக்கான்," என்றார் மெதுவாக. கைக்கருவியைக் கீழே வைத்தார். "எங்கப்பா நாற்பது வருஷம் இதைச் சொன்னார். நான் இருபத்திரண்டு வருஷம். யார் யார் பார்த்தாங்க?"

"நானும் ஆளுநரும்."

"அழிச்சிடு."

"அழிக்கலாம். அட்டை சாகறதை எப்படி அழிக்கிறது? ஒரு நாள் காலையில விடியாதுங்க. மூணு நாள் வெளிச்சம் இல்லாட்டி பாசி செத்துடும். அப்புறம் நமக்கு மூச்சு?"

செங்கமலம் தன் திட்டத்தைச் சொன்னாள். கிடங்கில் புதிய ஒற்றைப்பலகைக் கணினி இருக்கிறது. புரோகிராமை அதற்கு மாற்றி, நினைவகம் அடைத்துக்கொள்ளும் பிழையையும் திருத்திவிட்டால், தினமும் அணைந்து எழும்ப வேண்டிய தேவையே இருக்காது.

"அப்ப நிறம்?"

"வரும். அஞ்சு ஐம்பத்தொன்பதுக்கு இருட்டாக்கி, நாலு நிறத்தையும் நானே வரவழைக்கிறேன். யாருக்கும் வித்தியாசம் தெரியாது."

"நீயே வரவழைப்ப," என்றார் மாசிலாமணி. பட்டையில் இருந்ததைவிட அந்த வார்த்தைதான் அவரை அதிகம் தாக்கியது போலிருந்தது. எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

நான்கு நாளில் புதுக் கணினி தயாரானது. பிழை ஒரே வரியில்தான் இருந்தது. ஒவ்வொரு காட்சிக்கும் எடுத்த நினைவகத்தைத் திருப்பிக் கொடுக்கத் தனக்கோடி மறந்திருந்தான். பட்டறையில் ஒரு சரத்தை மேசை மேல் பரப்பி, பத்து தடவை ஓட்டிப் பார்த்தாள். சிவப்பு, பச்சை, நீலம், வெள்ளை. எல்லாம் ஒழுங்காக வந்தன. "கல்யாணம் முடிஞ்சதும் மாத்திடுங்க, நடுவுல ஏதும் ஆயிடக் கூடாது," என்றார் ஹபீபா.

கல்யாணத்துக்கு முந்தைய நாள் காலை, இருட்டு நான்கு நிமிடம் நீடித்தது.

குழந்தைகள் அழுதார்கள். பெரியவர்கள் அசையாமல் நின்றார்கள். யாரோ ஒரு பெண் உரக்கக் கத்தினாள். நிறம் வந்ததும் மாசிலாமணி மேடையேறி, நீண்ட மௌனம் நல்ல சகுனம் என்று அறிவித்தார். குரல் கம்மியிருந்தது. அவர் இறங்குவதற்குள் செங்கமலத்துக்கு ஆளுநரிடமிருந்து அழைப்பு வந்துவிட்டது.

"நாளைக்கே மாத்துங்க. அந்த இருட்டுக்குள்ளயே மாத்துங்க, யாருக்கும் தெரியாம."

"நாளைக்கு என் பொண்ணு கல்யாணம் மேடம்."

"தெரியும். நாளைக்கு இது எழும்பலேன்னா?"

குமுதாவிடம் எப்படிச் சொல்வது என்று செங்கமலம் நாள் முழுக்கத் தவித்தாள். குமுதா மருதாணிக் கையை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அம்மா பட்டையைப் பற்றியும் எல்லாவற்றையும் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசவில்லை. முடித்ததும் அவளுக்குச் சிரிப்புதான் வந்தது.

"டெஸ்ட் பண்ற லைட்டுல எல்லாருக்கும் கல்யாணம் பண்ணி வச்சிருக்கீங்க! போம்மா. நீ போய் வானத்தைப் பாரு. ரோஷன் இருக்கான், என் கழுத்து இருக்கு. எந்த நிறத்துல கட்டினா என்ன?"

மகளின் தைரியத்தை நினைத்துச் செங்கமலம் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை ஊர்த்திடலில் ஏழு ஜோடிகள் மணைகளில் உட்கார்ந்திருந்தபோது, அவள் மூலப்பெட்டியின் முன் ஏணியில் நின்றுகொண்டிருந்தாள். நாதஸ்வரம் தூரத்திலிருந்து மெலிதாகக் கேட்டது. ஐந்து ஐம்பத்தொன்பது. வானம் அணைந்தது. நாற்பது சரங்களுக்கும் போகும் பட்டைக்கம்பியைப் பழைய பலகையிலிருந்து உருவினாள். புதியதில் செருகினாள். அழுத்தினாள். இருபது நொடிகூட ஆகவில்லை. தலையை நிமிர்த்தி மேலே பார்த்தாள்.

வானம் பச்சையாக எரிந்தது.

சிவப்பைத் தவறவிட்டோமோ என்று ஒரு கணம் நினைத்தாள். கண்ணை இமைத்தோமோ? இல்லை. இருட்டுக்குப் பிறகு நேராகப் பச்சை. பத்து நொடி. பிறகு சிவப்பு. பிறகு நீலம், வெள்ளை. கிழக்குச் சுவரில் விடியல் தொடங்கியது. ஆரஞ்சு வரவேண்டிய இடத்தில் எலுமிச்சைப் பச்சையில் ஒரு விடியல்! அழுகிய பழம்போல் அது கூரையில் ஊர்ந்து ஏறியது. திடலின் பக்கமிருந்து ஒரு பெருஞ்சத்தம் கிளம்பியது. ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே நேரத்தில் மூச்சை இழுத்தால் எழுமே, அந்தச் சத்தம். நாதஸ்வரம் நின்றுபோனது.

செங்கமலத்துக்கு என்ன நடந்திருக்கிறது என்று புரிந்துவிட்டது. கூரையில் தொங்குபவை நூறாண்டுப் பழைய சரங்கள். எரிந்த புள்ளிகளுக்கு மாற்றாகவும் அதே பழைய சரக்கிலிருந்துதான் எடுத்து மாட்டி வந்தாள். அந்தப் புள்ளிகள் மூன்று எண்களில் முதலாவதைச் சிவப்புக்கு எடுத்துக்கொள்ளும். பட்டறையில் அவள் சோதித்துப் பார்த்ததோ பூமியிலிருந்து புதிதாக வந்த சரம். அதைச் செய்தவர்கள் வரிசையை மாற்றியிருந்தார்கள். அது முதல் எண்ணைப் பச்சைக்கு எடுத்துக்கொள்ளும். புதுக் கணினியும் புதுச் சரத்துக்கு ஏற்றபடியே எண் கொடுத்தது. மேசை மேல் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. கூரையில் சிவப்பும் பச்சையும் இடம் மாறிப்போயின.

ஒரே ஒரு சொல்லை மாற்ற வேண்டும். எந்த வரியில் என்று தேடி மாற்ற ஆறு நிமிடம் ஆனது. விடியல் ஆரஞ்சானதும் ஏணியிலிருந்து குதித்துத் திடலுக்கு ஓடினாள்.

கல்யாணப் பந்தல் இரண்டாகப் பிளந்து நின்றது. நான்கு மாப்பிள்ளைகள் பச்சையைக் கண்டதும் தாலியைக் கட்டிவிட்டார்கள். மூன்று பேர் எப்போதும்போல் இரண்டாவது நிறத்துக்குக் காத்திருந்து, அது சிவப்பாக வந்து நிற்க, என்ன செய்வதென்று தெரியாமல் அதிலேயே கட்டியிருந்தார்கள். குமுதாவின் கழுத்தில் தாலி இருந்தது. அவளுக்கு இந்தப் பக்கம் மாசிலாமணியும் அந்தப் பக்கம் சம்பந்தி பாக்கியநாதனும் முகத்துக்கு முகம் நின்றுகொண்டிருந்தார்கள். பாக்கியநாதன் மேற்குப் பக்கத்தில் பாசித்தொட்டி வைத்திருப்பவர். அதிர்ந்து பேசாத மனிதர். அன்று கழுத்து நரம்பு புடைத்திருந்தது.

"பொறுங்கன்னு கத்தினேன்," என்றார் மாசிலாமணி. "சிவப்புக்கு முன்னாடி கட்டின தாலி தாலியே இல்லை."

"பச்சையில கட்டணும்னு நீங்கதானே சொல்லிக்கிட்டு இருந்தீங்க? பச்சை வந்துச்சு, கட்டச் சொன்னேன். என் மருமகளைத் தாலி இல்லாதவங்கறீங்களா?"

"உங்க மருமக இல்லை, என் பொண்ணு."

செங்கமலம் திகைத்துப்போய்க் கணவரைப் பார்த்தாள். பட்டையைப் படித்தவர். இரண்டு தடவை படித்தவர். அவர் கண்ணில் நடிப்பு எதுவும் இல்லை.

இதற்கு மேல் மறைப்பதில் பொருளில்லை என்று அவளுக்குத் தோன்றியது. உண்மையைச் சொன்னால் எல்லோரும் திட்டுவார்கள், பிறகு வெட்கப்பட்டுச் சிரிப்பார்கள், சண்டை அங்கேயே முடிந்துபோகும். ஹபீபாவும் அப்படித்தான் நினைத்தார். அன்று பிற்பகல் ஊரே கூடிய மன்றத்தில் செங்கமலம் மேடையேறினாள். பட்டையின் படத்தைப் பெரிய திரையில் போட்டு, ஒரு எழுத்து விடாமல் வாசித்தாள். நினைவகப் பிழையை விளக்கினாள். சரங்களின் வரிசையை விளக்கினாள். "இன்னிக்குப் பச்சை முன்னாடி வந்தது என் தப்பு. வேற ஒண்ணுமில்லை. என்னை மன்னிச்சிடுங்க," என்று முடித்தாள்.

ஆயிரக்கணக்கான முகங்கள் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தன. அடி விழப்போகிறது என்று அவள் தயாரானாள். முன்வரிசையில் ஒரு முதியவர் எழுந்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு கேட்டார்.

"அம்மா, அந்த எழுத்துல சிவப்பு முன்னாடி இருக்கா, பச்சை முன்னாடி இருக்கா?"

"சிவப்பு. ஆனா ஐயா, அது வெறும்..."

அவள் முடிப்பதற்குள் மன்றத்தின் கிழக்குப் பாதி ஆர்ப்பரித்தது. மூலப்பொறியாளரின் கையெழுத்திலேயே இருக்கிறது! சிவப்பே முதல்! சிலர் திரையை நோக்கிக் கைகூப்பினார்கள். மாசிலாமணி எழுந்து நின்று, தனக்கோடியார் எழுதிய ஒவ்வொரு சொல்லுக்கும் நாளை முதல் உரை சொல்லப்போவதாக அறிவித்தார். "யாரும் பயப்பட வேண்டாம்" என்ற வரியைச் சொல்லும்போது அவர் குரல் உடைந்தது.

பாக்கியநாதன் எழுந்தார். "எழுத்து பழசு. நூத்தியெட்டு வருஷம் கழிச்சுப் பெட்டி திறந்திருக்கு. திறந்ததும் முதல்ல வந்தது என்ன? பச்சை. யார் கேட்டு வந்துச்சு? தானா வந்துச்சு."

"தானா வரலை அண்ணா," என்று செங்கமலம் கிட்டத்தட்ட அழுதாள். "நான்தான் தப்பா எழுதிட்டேன்."

"நீங்க எழுதலை தங்கச்சி," என்றார் அவர், மிகுந்த மரியாதையோடு. "உங்க கை வழியா வந்துச்சு."

அந்த வாரமே ஊர் இரண்டானது. நான்கு வீட்டுக்காரர்களாக இருந்த பச்சைமுன்னவர்கள் நாலாயிரம் பேரானார்கள். மேற்கே அவர்கள், கிழக்கே சிவப்புமுன்னவர்கள். தொட்டிவேலைக்கு ஆள் அனுப்ப ஒரு பக்கம் மறுத்தது. குடிநீர்க் குழாயை மற்றப் பக்கம் மூடியது. இரண்டு மண்டைகள் உடைந்தன. கடைசியில் ஹபீபா செங்கமலத்தை அழைத்து, வானத்தைப் பாதியாகப் பிரிக்கச் சொன்னார். கிழக்கிலுள்ள இருபது சரங்களில் சிவப்பு, பச்சை. மேற்கிலுள்ள இருபதில் பச்சை, சிவப்பு. இரண்டே வரி வேலை. இருபத்தாறு ஆண்டுப் பணியில் அதைவிட எளிதான வேலையை அவள் செய்ததில்லை. செய்துவிட்டு அன்று முழுவதும் சாப்பிடவில்லை.

குமுதா மேற்கே கணவன் வீட்டில் இருந்தாள். மாசிலாமணி அங்கே போகவே இல்லை. பேத்தி பிறந்த செய்தி வந்தபோது, "கல்யாணமே ஆகாதவளுக்கு" என்று ஆரம்பித்தார். மனைவியின் முகத்தைப் பார்த்துவிட்டு அப்படியே நிறுத்திக்கொண்டார்.

செங்கமலத்துக்கு அப்போதுதான் ஒரு வழி தோன்றியது. கீழ்வானத்தில் குழந்தைக்குப் பெயர் வைப்பது நீலத்தில். நீலமோ இரண்டு பக்கத்துக்கும் மூன்றாவது நிறம். முன்னால் எது வந்தாலும், மூன்றாவதாக இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை வானம் ஒரே நேரத்தில் நீலமாகும். அதில் யாருக்கும் சண்டை இல்லை. சண்டை போடவும் வழியில்லை. இரண்டு பக்கத்துக்கும் பொதுவான நடுத்திடலில், நீலத்தில் பெயர் வைக்கலாம் என்று இரு வீட்டுக்கும் நடையாய் நடந்தாள். மூன்று வாரம் நடந்தாள். மாசிலாமணி முதலில் முறைத்தார். பிறகு யோசித்தார். பிறகு, குழந்தைக்குச் சட்டை தைக்கக் கொடுத்திருப்பதாக வேறு எங்கோ பார்த்துக்கொண்டு சொன்னார்.

பெயர் வைக்கும் நாள் காலை நடுத்திடல் நிரம்பியிருந்தது. பத்து மாதத்துக்குப் பிறகு முதல் தடவையாக இரண்டு பக்கத்து ஆட்களும் ஒரே இடத்தில் நின்றார்கள். குமுதா குழந்தையைத் தோளில் சாய்த்திருந்தாள். மாசிலாமணி ஒரு பக்கம், பாக்கியநாதன் மறுபக்கம். இருவரும் ஒருவரையொருவர் பார்க்காமல் குழந்தையைப் பார்த்தார்கள். குழந்தை இருவரையும் பார்த்துப் பொக்கைவாயைத் திறந்தபோது இரண்டு கிழவர்களும் ஒரே நேரத்தில் சிரித்துவிட்டார்கள்.

வானம் அணைந்தது. கிழக்கே சிவப்பும் மேற்கே பச்சையும் எரிந்தன. பிறகு இடம் மாறின. பிறகு நீலம் வந்தது.

நாற்பதாயிரம் புள்ளிகளிலும் ஒரே எண்கள். எங்கே கோடு இருந்தது என்று கண்டுபிடிக்க முடியாத ஒரே நீலம். எல்லோருடைய முகமும் அதில் நனைந்தது. மாசிலாமணி பெயரைச் சொல்லக் குழந்தையின் காதுக்குக் குனிந்தார்.

குமுதா குழந்தையைச் சட்டென்று பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"அம்மா, இது சிவப்புக்கு அப்புறம் வந்த நீலமா, பச்சைக்கு அப்புறம் வந்த நீலமா?"

கேலி செய்கிறாள் என்று நினைத்துச் செங்கமலம் சிரித்தாள். மகளின் முகத்தைப் பார்த்ததும் அந்தச் சிரிப்பு உதட்டிலேயே செத்தது.

"ரெண்டும் ஒண்ணுதான்டி. ஒரே எண். நான்தானே எழுதினேன்?"

"எண் ஒண்ணுதாம்மா. நான் ஒண்ணும் கண்மூடித்தனமா கேக்கலை. ஆனா எதுக்கு அப்புறம் வந்ததுன்னு ஒண்ணு இருக்கில்ல? இவ நாளைக்கு வளர்ந்து கேட்டா நான் என்ன சொல்ல?"

"நியாயமான கேள்வி," என்றார் பாக்கியநாதன்.

"ரொம்ப நியாயம்," என்றார் மாசிலாமணி. பத்து மாதத்தில் சம்பந்திகள் இருவரும் ஒத்துப்போன முதல் விஷயம் அதுதான். "சிவப்பின் வழியா வந்த நீலம்னா நான் பெயரைச் சொல்றேன்."

"அது எப்படி? குழந்தை மேற்கே பிறந்தது. பச்சையோட நீலம்தான்."

பின்னாலிருந்து யாரோ கத்தினார்கள். முன்னாலிருந்து யாரோ பதிலுக்குக் கத்தினார்கள். கூட்டம் மெல்ல மெல்லக் கிழக்காகவும் மேற்காகவும் விலகத் தொடங்கியது. "பெயரைச் சொல்லுங்க, பெயரைச் சொல்லுங்க!" என்று செங்கமலம் கணவரின் கையைப் பிடித்து உலுக்கினாள். அவர் காதில் அது விழவில்லை. விரலை நீட்டி அவர் எதையோ விளக்கிக்கொண்டிருந்தார்.

நீட்டிய அந்த விரல் திடீரென்று வெளுத்தது. செங்கமலம் மேலே பார்த்தாள். பத்து நொடி முடிந்திருந்தது. வானம் முழுக்க வெள்ளை. கீழே, பெயரில்லாத குழந்தை அந்த வெளிச்சத்தில் கண் கூசி அழத் தொடங்கியது. சத்தத்தில் அது யாருக்கும் கேட்கவில்லை.